பெட்டியில் போட்டது ஐம்பத்துநாலு

கம்ப்யூட்டர் கடையில் கவுன்ட்டருக்கு உள்ளே நிற்கிறவர்களுக்கு ஒன்று தெரியும்: பெட்டியில் நம்பரை அச்சடித்தவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குவான், அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுத்தவள்தான் வாங்கிக் கட்டிக்கொள்வாள்.

நான் வாங்கிக் கட்டிக்கொண்டது சிவகாசியில், இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில். கடை காதர் அண்ணனுடையது. கடையில் இரண்டே பேர். ஒன்று அவர், இன்னொன்று நான், ஜெயா. பாலிடெக்னிக் முடித்த கையோடு சேர்ந்தவள். எங்கள் அம்மா பட்டாசுக் கம்பெனி வேனில் காலையில் ஏறிப் போவாள், நான் அண்ணன் கடையின் ஷட்டரைத் தூக்கப் போவேன். மானிட்டர், மவுஸ், பிரின்டர் மை என்று நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில், யுஎஸ்பி வைஃபை அடாப்டர் என்று ஒன்று வந்து சேர்ந்தது. விரல் நீளத்துக்கு ஒரு குச்சி. கம்ப்யூட்டரில் சொருகினால் வயர் இல்லாமலே ஃபைல் போகும், நெட் வரும். எங்கள் ஊரில் அதற்கு ‘வைஃபை குச்சி’ என்றே பெயர் ஆகிவிட்டது. நீங்களும் எந்தக் கடையிலாவது நின்று, நீங்கள் தயாரிக்காத சாமானுக்காகத் திட்டு வாங்கியவர் என்றால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. இது நம் கதை.

அண்ணன் கொடுத்த வாக்கு

சென்னையில் இறக்குமதி செய்கிற ஒரு பார்ட்டியிடமிருந்து குச்சிகள் வந்தன. பெட்டியைப் பார்க்கணுமே! கருநீலத்தில் பளபளவென்று லேமினேஷன். நடுவில் சிவப்பில் ‘54’ என்று புடைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் ஒரு ராக்கெட் வேறு. எங்கள் ஊரில் பொருளுக்கு முன்னால் பெட்டியைத்தான் பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட, மாப்பிள்ளை யார் என்று படிக்கும் முன் காகிதத்தைத் தடவிப் பார்த்து ‘எந்தப் பிரஸ்?’ என்று கேட்கிற ஊர். காதர் அண்ணன் கட்டைவிரலால் அந்த ஐம்பத்துநாலைத் தடவித் தடவிப் பார்த்தார். “இம்புட்டு சுத்தமா அச்சடிச்சிருக்கான், உள்ள இருக்கிற சாமான் சோடை போகுமா?” என்றார். குச்சிகள் விற்ற பிறகும் காலிப் பெட்டிகளை யாருக்கும் தராமல், ஷோகேஸில் வரிசையாக அடுக்கிவைத்தார்.

எங்கள் கடைக்குச் சோறு போட்டது ரத்தினவேல் அண்ணாச்சியின் காலண்டர் பிரஸ். அவர் டிசைன் செக்‌ஷனை ஆபீஸ் ரூமோடு சேர்த்து ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் புது பில்டிங்குக்கு மாற்றியிருந்தார். அச்சுக்குப் பிலிம் எடுக்கும் ரூம் பழைய பில்டிங்கிலேயே. நடுவில் ரோடு. ரோட்டுக்கு மேலே கட்டின கேபிளைப் பேப்பர் லோடு ஏற்றிய லாரிகள் கட்டக் கட்ட அறுத்துக்கொண்டு போயின. காதர் அண்ணன் நேரே போய், “அண்ணாச்சி, வயரே வேணாம். அம்பத்துநாலு ஸ்பீடு. கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள அங்கன போயிரும்” என்று வாக்குக் கொடுத்துவிட்டார். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ, எங்கள் ஊரில் அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை ஆடிப்பெருக்கு அன்றைக்குப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். வெளியூர் ஏஜெண்டுகள் வந்து புரட்டிப் பார்த்து ஆர்டர் கொடுப்பார்கள். அன்றைக்கு ஆல்பம் இல்லாத பிரஸ்ஸுக்கு அந்த வருஷமே இல்லை. அந்தப் பிரஸ் எங்களை விட்டுப் போனால், சம்பந்தி பிரஸ், மச்சான் பிரஸ் எல்லாம் கூடவே போகும். அப்புறம் கடையில் இரண்டாவது சம்பளம் என்று ஒன்று இருக்காது. அந்த இரண்டாவது சம்பளம் நான்தான். அண்ணாச்சி குச்சியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“நீங்க சொன்னா சரிதான் பாய். ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் மேசை மேல இருக்கணும், அம்புட்டுத்தான்.”

முருகன் புறப்பட்டார்

டிசைன் கம்ப்யூட்டரில் ஒரு குச்சி, பிலிம் ரூம் கம்ப்யூட்டரில் ஒரு குச்சி, அண்ணாச்சியின் ஆபீஸ் ரூமில் ரூட்டர். மாட்டிவிட்டு, டிசைன் செக்‌ஷனின் தலை மகேஸ்வரி அக்காவிடம் “அனுப்பிப் பாருங்கக்கா” என்றேன். மயில் மேல் உட்கார்ந்த முருகன் படம். காலண்டர் படம் என்றால் சும்மா இல்லை, ஒவ்வொன்றும் யானைக் கனம். மகேஸ்வரி அக்கா அனுப்பினார். பச்சைக் கோடு நகர்ந்தது. நகர்ந்தது என்று சொல்கிறேன், அவ்வளவுதான். அக்கா எழுந்து போய் டீ குடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். முருகன் இன்னும் பாதி ரோட்டில் நின்றார். அளந்து பார்த்தேன். ஐம்பத்துநாலு எங்கே, மூன்று எங்கே!

எனக்கு முகம் செத்துவிட்டது. படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். “அக்கா, பெட்டியில போட்டிருக்கிறது மெகாபிட். நம்ம ஃபைலோட கனம் மெகாபைட். எட்டு பிட்டு சேந்தாத்தான் ஒரு பைட்டு. அதுபோக, காத்துல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். ஒவ்வொரு துண்டு போனதும் ‘கெடச்சிருச்சா?’, ‘கெடச்சிருச்சு’ன்னு கேட்டுக்கிட்டே போகும். பாதி நேரம் அந்தப் பேச்சுலயே போயிரும்” என்றேன். சொன்னது அத்தனையும் உண்மை. ஆனால் பாதி போனாலும் இருபதுக்கு மேல் வரணுமே, மூன்று ஏன் என்று அக்கா கேட்டுவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். மகேஸ்வரி அக்கா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். ஒரு சொல் கடிந்து பேசவில்லை. திரையையும் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பழைய பில்டிங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

“நீ சொல்றதெல்லாம் சரிதான் ஜெயா. ஆனா இவரு அந்த மயில்ல ஏறி நேராப் போயிருந்தாக்கூட இந்நேரம் அங்கன எறங்கியிருப்பாரு.”

எண்ணிப் பார்க்காத சரம்

அதே வாரம் பைபாஸ் பக்கம் பட்டாசு மொத்தக் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணாச்சி, எங்களிடம் குச்சி வாங்கியவர், உடனே வரச் சொல்லி ஆள் அனுப்பினார். போச்சு, இவரும் மூஞ்சியில் எறியப் போகிறார் என்று நினைத்தேன். வழியெல்லாம் பிட்டு, பைட்டு, பாதிப் பேச்சு என்று ஒப்பித்துக்கொண்டே போனேன். போனால் மனுஷன் மோர் கொடுத்து உட்காரவைத்து, இன்னொரு குச்சி வேணும் என்கிறார்! எனக்குத் தாங்கவில்லை. நானே வாயைக் கொடுத்தேன். “அண்ணாச்சி, இதுல அம்பத்துநாலு வராது, தெரியும்ல?” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். கடைக்குள்ளே அடுக்கியிருந்த சரவெடிகளைக் கை காட்டினார். கிப்ட் பாக்ஸ் மேலே அச்சடித்திருந்த விலையைக் காட்டினார். அந்த விலைக்கு யாரும் விற்றதும் இல்லை, யாரும் வாங்கினதும் இல்லை என்பது சிவகாசியில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கம்ப்யூட்டர் படித்த எனக்குத்தான் பெட்டி எழுத்தைப் படிக்கத் தெரியவில்லை. நல்ல மனுஷர், என் பயத்தைப் பார்த்து இன்னொரு டம்ளர் மோரும் ஊற்றினார்.

“ஆயிரம் வாலாவக் கொளுத்தறதுக்கு முன்னாடி உக்காந்து எண்ணிப் பாத்தவுக யாரும்மா இருக்காக?”

வெள்ளிக்கிழமை

ஒரு லேபிள் பிரஸ்ஸில் திங்கள் முதல் வியாழன் வரை நன்றாக ஓடுகிற குச்சி, சனிக்கிழமை ஆனால் படுத்துவிடும். போய்ப் பிடுங்கிப் பார்த்தால், குச்சியும் கம்ப்யூட்டரும் சேருகிற இடத்தில் சந்தனம். வெள்ளிக்கிழமை பூஜையில் ஆப்செட் மிஷினுக்கு, கட்டிங் மிஷினுக்கு, வாசல் பூட்டுக்குக்கூடப் பொட்டு வைக்கிறவர்கள், இதற்கும் பயபக்தியோடு குழைத்து அப்பி, மேலே குங்குமமும் வைத்திருக்கிறார்கள். பல் குத்துகிற குச்சியால் நோண்டி எடுத்தேன். கோபமாகப் பேசலாம் என்று வாயைத் திறந்தேன். பூஜை போட்ட அந்த அம்மாள் அத்தனை கவலையோடு என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அந்தக் குச்சியும் வீட்டில் ஒரு ஆள் மாதிரி. எனக்கு வந்த கோபம் வந்த வழியே போய்விட்டது.

“எல்லா மிஷினுக்கும் வச்சிட்டு இதை மட்டும் விட்டுட்டா, அது மனசு நோகும்ல தாயி?”

மஞ்சள் பலூன்

ஆமத்தூரில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ். அங்கே மேனேஜர், வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாத மனுஷர். “குச்சி ஸ்லோ” என்று போன். பஸ் ஏறிப் போனேன். கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் திரையின் மூலையில் ஒரு மஞ்சள் பலூன் எழும்பியது. நான் படிப்பதற்குள் மேனேஜர் மின்னல் வேகத்தில் அதை மூடிவிட்டார். “சார், அது என்ன?” என்றேன். “அது ஒண்ணுமில்ல, தெனம் வர்றதுதான்” என்றார். பிடுங்கிச் சொருகினேன். பலூன் மறுபடி வந்தது. அவர் கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்துப் படித்தேன். ‘இந்தச் சாமான் இதைவிட வேகமாக ஓடும், வேகமான ஓட்டையில் சொருகு’ என்று கம்ப்யூட்டரே இங்கிலீஷில் சொல்கிறது! பழைய கம்ப்யூட்டர்களில் முன்பக்கம் கைக்கு வாகாக இருக்கிற யுஎஸ்பி ஓட்டை பழைய காலத்து நிதான ஓட்டை. குச்சி எவ்வளவு கொண்டுவந்தாலும் அது பத்தைத் தாண்ட விடாது. பின்பக்கம் புது யுஎஸ்பி கார்டு போட்டு அதில் சொருகினேன். அவ்வளவுதான், பறந்தது.

எனக்கு அங்கேயே பொறி தட்டியது. பிரஸ்ஸிலும் நான் முன்பக்கத்தில்தானே சொருகினேன்! அங்கிருந்து நேரே பிரஸ்ஸுக்குப் போய் இரண்டு கம்ப்யூட்டரிலும் பின்பக்கம் மாற்றினேன். மூன்று எட்டாயிற்று. எட்டுக்கே மகேஸ்வரி அக்கா பால் பன் வாங்கிக் கொடுத்தார். ஆமத்தூர் மேனேஜர் மட்டும், நான் கிளம்பும்போது, மிட்டாய் பறிகொடுத்த பிள்ளை மாதிரி திரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“விளம்பரம்னு நெனச்சுல்லம்மா இத்தன மாசமா அது வாயை மூடிக்கிட்டே இருந்தேன்.”

தாயில்பட்டி போர்மேன்

தாயில்பட்டி பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி. கேட் ஓரம் முதலாளி ரூம், ரொம்பத் தள்ளி இன்னொரு கேட் பக்கம் டெஸ்பாட்ச் ஆபீஸ், நடுவில் வெடிமருந்து ஷெட்டுகள் தள்ளித் தள்ளி. டெஸ்பாட்ச் கம்ப்யூட்டருக்கு நெட் ஊர்ந்து ஊர்ந்துதான் வந்தது. தூரம் கூடக் கூடக் குச்சி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஐம்பத்துநாலு என்பதெல்லாம் ஒரே ரூமுக்குள் எதிரெதிரே உட்கார்ந்தால் பேசுகிற பேச்சு. நான் ஒரு கணக்குப் போட்டேன். நடுவில் இருக்கிற ஒரு ஷெட்டின் வெளிச்சுவரில் இன்னொரு ரூட்டர் மாட்டிவிட்டால் போதும். முதலாளிக்கும் சரி. அவர் தலையாட்டியதும் டிரில்லிங் மிஷினோடு கிளம்பினேன்.

ஷெட்டுகளுக்குப் பொறுப்பான போர்மேன் குறுக்கே வந்து நின்றார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவராக இருப்பார். காலையில் உள்ளே வரும்போதே என் செல்போனை வாங்கி கேட்டில் வைத்தவர். “இதுவும் செல்போன் மாதிரி காத்துல பேசுற சாமான்தான?” என்று கேட்டார். “ஆமாண்ணே, ஆனா ரொம்பக் கொஞ்சம். ஒண்ணும் ஆகாது” என்றேன். “கரண்ட்டு வேணும்ல அதுக்கு? ஷெட்டுச் செவுத்துல கரண்ட்டு வயரு வரும்ல?” என்றார். மருந்துக்குப் பக்கத்தில் ஒரு பொறி போதும், அது எனக்குத் தோன்றவே இல்லை. முதலாளியே வந்து “சின்ன வேலைதானப்பா” என்று சொல்லிப் பார்த்தார். போர்மேன் குரலை உயர்த்தவில்லை, முதலாளிக்கு வைக்கிற மரியாதையில் ஒரு இம்மி குறைக்கவில்லை, வழியையும் விடவில்லை. உள்ளே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அம்மாவும் இந்நேரம் இப்படித்தான் ஒரு ஷெட்டில் உட்கார்ந்திருப்பாள். அவள் கம்பெனியிலும் இப்படி ஒரு மனுஷன் குறுக்கே நிற்கட்டும் சாமி என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். எனக்குத் தெரிந்த தொழில் எல்லாம் சேர்ந்தும் அந்த ஒரு ஆளின் பிடிவாதத்துக்கு ஈடாகாது. டிரில்லிங் மிஷினைப் பைக்குள் வைத்தேன்.

“மொதலாளிக்கு மெயிலு அஞ்சு நிமிசம் லேட்டா வந்தா யாரும் சாக மாட்டாகம்மா.”

லோடு இறங்கிய அன்றைக்கு

ஆடி பிறந்துவிட்டது. எட்டிலேயே சமாளித்துக்கொண்டிருந்த பிரஸ்ஸிலிருந்து ஒரு மத்தியானம் போன். குச்சி சுத்தமாகச் செத்துவிட்டது. எட்டும் இல்லை, மூன்றும் இல்லை, வருகிறது போகிறது, பாதியில் அறுந்து மறுபடி முதலிலிருந்து. மகேஸ்வரி அக்கா படங்களை சிடியில் எழுதி, எழுதி முடிக்கும் வரை காத்திருந்து, கையில் எடுத்துக்கொண்டு லாரிகளுக்கு நடுவே ரோட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த ஓட்டத்துக்குக் காரணம் எங்கள் கடை கொடுத்த வாக்கு. அவரோ மூச்சு வாங்க நின்று, “நீ சாப்பிட்டியா?” என்று என்னைக் கேட்கிறார்.

குச்சியை மாற்றினேன், டிரைவர் சாஃப்ட்வேரை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. வெளியே வந்து பிலிம் ரூம் ஜன்னலைப் பார்த்தேன். ஜன்னலையே காணோம்! தீபாவளிச் சீசனுக்குப் பட்டாசு லேபிள் அடிக்க அன்று காலையில்தான் சில்வர் பேப்பர் லோடு வந்து இறங்கியிருந்தது. தகடு மாதிரி மினுக்குகிற பேப்பர். குடோனில் இடமில்லை என்று வராண்டாவில், சரியாக அந்த ஜன்னலை மறைத்து, மேலே வரை அடுக்கியிருக்கிறார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து வருகிற சிக்னல் அந்தப் பளபளப்பில் முட்டித் திரும்பிப் போகிறது. வேறு எந்த ஊர்க்காரனுக்கும் இந்தக் கஷ்டம் வந்திருக்காது. அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஒரு நொடி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு லோடுமேன்களைக் கூப்பிட்டு, அடுக்கினதையெல்லாம் கலைத்து அந்தப் பக்கம் அடுக்கச் சொல்லிவிட்டார். மறு பேச்சே இல்லை. எட்டு திரும்பி வந்தது. லோடுமேன்களில் பெரியவர் கழுத்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“வயரே வேணாங்கிற சாமானுக்கு வழி மட்டும் விடணும்னு இன்னைக்குத்தான் தாயி கேள்விப்படுறேன்.”

அண்ணன் பெட்டிகளோடு போனார்

எட்டு போதாது. ஆல்பத்துக்கு இன்னும் ஏகப்பட்ட படம் பாக்கி, ஆடிப் பதினெட்டோ பக்கத்தில் வந்துவிட்டது. கடையில் உட்கார்ந்து ஒரு தாளில் ரூட்டரையும் இரண்டு குச்சிகளையும் வரைந்து பார்த்தேன். வரைந்த பிறகுதான் தெரிந்தது, நான் எவ்வளவு பெரிய மண்டூகம் என்று. படம் டிசைன் ரூமிலிருந்து ரூட்டருக்குக் காற்றில் போகிறது. ரூட்டரிலிருந்து பிலிம் ரூமுக்கு மறுபடி அதே காற்றில் போகிறது. ஒரே படம் இரண்டு தடவை. ரூட்டரையே பிலிம் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு போய், அந்தக் கம்ப்யூட்டரோடு வயரில் மாட்டிவிட்டால் காற்றில் ஒரே தடவைதான். கூடவே, டிசைன் ரூமில் கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த குச்சியை ஒரு நீள யுஎஸ்பி வயரில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டலாம். காதர் அண்ணனிடம் துள்ளிக்கொண்டு சொன்னேன். “அப்ப அம்பத்துநாலு வந்துருமா?” என்று கேட்டார். “இல்லண்ணே. இருபது வரும். அதுதான் இதோட உச்சம். எந்த ஊர்ல, எவரு மாட்டினாலும் அதுக்கு மேல வராது” என்றேன்.

அண்ணன் எழுந்தார். பிறகு ஷோகேஸிலிருந்து அந்தப் பெட்டிகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, “வா” என்றார். ரூட்டரை மாற்றி, குச்சியை ஜன்னலில் கட்டியதும், நான் சொன்னபடியே இருபது வந்தது. மகேஸ்வரி அக்காவும் சும்மா இல்லை. சாயங்காலம் மொத்தமாக அனுப்புகிற பழக்கத்தை விட்டார். ஒரு படம் முடிந்ததும் அதைக் கிளப்பிவிட்டுவிட்டு, அது போய்க்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தில் உட்கார்ந்தார். லட்சுமி போகும்போது பிள்ளையார் தயாராவார். இருபதை வைத்துக்கொண்டு ஐம்பத்துநாலு வேலையை வாங்கியது அவர் கெட்டிக்காரத்தனம்.

இத்தோடு அண்ணன் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். வேலைதான் ஓடுகிறதே! அவர் நேரே ஆபீஸ் ரூமுக்குப் போய், பெட்டிகளை மேசையில் வைத்தார். “அண்ணாச்சி, நான் அம்பத்துநாலுன்னு சொன்னேன். அது வராது. எப்பவும் வராது. நான் பெட்டியைப் பாத்துச் சொன்ன பொய் அது. ஆல்பம் முடிஞ்சதும் குச்சியெல்லாம் நான் திருப்பி எடுத்துக்கிறேன். அதுக்கப்புறம் நீங்க வேற கடை பாத்தாலும் எனக்கு வருத்தமில்ல” என்றார். எனக்கு உயிரே போய்விட்டது. என் சம்பளத்தை அவர் அந்த மேசை மேல் வைத்துவிட்டு நிற்கிறார். அப்போதும், பொய் சொல்லக் கூடாது, அந்த மனுஷனைப் பார்க்க எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. இப்படி ஒருத்தரிடம் வேலை பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ளலாமே! அண்ணாச்சி ஒரு பெட்டியைக் கையில் எடுத்தார். தடவினார். மடிப்பைப் பிரித்தார். முகம் எப்படியோ ஆயிற்று. கோபமா என்ன என்று எனக்குப் புரியவில்லை. பெட்டியை மேசை டிராயருக்குள் வைத்து மூடினார்.

“ஆடிப் பதினெட்டு முடியட்டும் பாய், பேசிக்கிருவோம்.”

ஆடிப் பதினெட்டு

அன்று காலையில் ஆல்பம் மேசை மேல் இருந்தது. மாலை போட்டு, பூஜை முடித்து, ஏஜெண்டுகள் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். முதல் தாளே எங்கள் முருகன். என்ன அழகு தெரியுமா! மயிலின் கழுத்தில் அந்த நீலம் அப்படியே வழிந்தது. அண்ணாச்சி எங்கள் இருவருக்கும் ஆள் அனுப்பியிருந்தார். கேசரி கொடுத்தார்கள். நான் தட்டை மேசை மேல் தள்ளி வைத்தேன். ஏஜெண்டுகள் சாப்பிடப் போனதும் அண்ணாச்சி மகேஸ்வரி அக்காவையும் கூப்பிட்டு, டிராயரிலிருந்து அந்தப் பெட்டியை எடுத்தார். மடிப்பைப் பிரித்து, பசை தடவும் ஓரத்தில் பிரஸ்ஸுக்குப் பிரஸ் அடையாளமாகக் குட்டிக் குட்டியாகப் போடுகிற கலர் கட்டங்களைக் காட்டினார். “இது யாரோட வேலை?” என்றார். மகேஸ்வரி அக்கா வாங்கிப் பார்த்தார். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். சட்டென்று வாயில் கை வைத்துக்கொண்டார்.

“அய்யோ அண்ணாச்சி, இது நானே போட்ட டிசைனாச்சே!” என்றார். சென்னைப் பார்ட்டி போன வருஷம் இதே பிரஸ்ஸில் பெட்டி அடிக்கக் கொடுத்த ஆர்டராம். நூற்றுக்கணக்கான வேலைகளுக்கு நடுவே வந்து போன ஒன்று. குச்சி எப்படி இருக்கும் என்றுகூட இவர்கள் பார்த்ததில்லை, அளவு மட்டும் வந்ததாம். ஐம்பத்துநாலைப் பெரிதாக்கு, இன்னும் பெரிதாக்கு, புடைக்க வை என்று அந்தப் பார்ட்டி போனிலேயே உயிரை வாங்கினானாம். அதற்கு முன்னால் ‘அப் டு’ என்று ஒரு வார்த்தை சட்டப்படி இருக்கணும், ஆனால் யார் கண்ணிலும் படக் கூடாது என்றானாம். அக்கா விரலை வைத்துக் காட்டினார். கருநீலத்தின் மேல் கருஞ்சாம்பலில், எறும்புத் தலை அளவுக்கு அது இருந்தது. ‘அதிகபட்சமாகப் போனால் அவ்வளவு’ என்கிற அந்த வார்த்தையை, ஷோகேஸில் வைத்துத் தினமும் துடைத்த காதர் அண்ணனும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. குச்சிகளை மட்டுமே கொண்டுபோய் மாட்டியதால், அண்ணன் பையோடு வந்த அன்றுவரை பெட்டியை இவர்களும் பார்க்கவில்லை.

 முதலில் சிரித்தது மகேஸ்வரி அக்காதான். அவர் சிரிப்பு அண்ணாச்சிக்குத் தாவி, காதர் அண்ணனுக்குத் தாவி, எனக்கு மட்டும் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அண்ணாச்சி கேசரித் தட்டை என் பக்கம் மறுபடி தள்ளினார். பெட்டியை அண்ணன் கையில் கொடுத்தார்.

“குச்சியத் திருப்பி எடுக்கேன்னு சொல்லாதீக பாய், நம்ம மிஷினு சொன்ன பொய்க்கு நீங்க வந்து மன்னிப்புக் கேட்டீக, அடுத்த ஆடிக்கும் இந்தப் புள்ளையக் கூட்டிக்கிட்டு நீங்கதான் வரணும்.”

ஆக, பெட்டியில் நம்பரை அச்சடித்தவன் எங்கேயோ நிம்மதியாகத் தூங்குகிறான் என்று அத்தனை நாளும் நான் வயிறெரிந்துகொண்டிருந்தேனே, அச்சடித்தவர்களோ எதிரெதிர் பில்டிங்குகளில் உட்கார்ந்து, முருகன் இன்னும் வந்து சேரவில்லையே என்று எனக்குத்தான் போன் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.